முதலில் லயத்தைப் பார், பிறகு மருந்தைப் பேசு!



பிரட்டுக் களத்தில் ஒரு அறிவித்தல். "லயங்களுக்குக் கறையான் மருந்துப் பெட்டி வைக்கப்படும். ஒரு வீட்டுக்கு ஒரு பெட்டி. பணம் சம்பளத்தில் மாதாமாதம் கழிக்கப்படும். விருப்பமானவர்கள் பெயர் கொடுக்கவும்." பக்கத்தில் கணக்கப்பிள்ளையின் கையில் ஒரு கடதாசி. கொழுந்துக்குப் போகிற அவசரத்தில் நம் பெண்கள் அதில் கையெழுத்துப் போட்டுவிட்டு மலைக்கு ஏறுகிறார்கள்.

இப்படி ஒரு கடதாசி உங்கள் தோட்டத்துக்கும் வரலாம். வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறோம். எங்கள் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கறையான் பெட்டிக்கு நாங்கள் எதிரிகள் இல்லை. லயத்தை ஒரு தடவையாவது முழுதாகச் சுற்றிப் பார்க்காமல், எந்தக் கறையான், எந்த வழியால் வருகிறது என்று கண்டுபிடிக்காமல், வீட்டுக்கொரு பெட்டியை வைத்துவிட்டு நம் சம்பளத்தில் கைவைப்பதற்குத்தான் நாங்கள் எதிரிகள். சோதனை முதலில். மருந்து அதற்குப் பிறகு. செலவு நிர்வாகத்துடையது. இந்த மூன்றில் எதையும் விட்டுக்கொடுக்க முடியாது.

ஒரு லயத்தில் நடந்தது

எமது கிளைகளில் ஒன்றில் நடந்ததைக் கேளுங்கள். தோட்டத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. படித்தால், இது நம் தோட்டம்தான் என்று பல பேர் நினைப்பீர்கள்.

பன்னிரண்டு காம்பரா ஒற்றை லயம். பின்பக்கம் மண்ணை வெட்டி எடுத்த மேடு. மேட்டுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு கான். மழைக்காலத்தில் அந்தக் கான் நிரம்பிச் சுவர் முழங்கால் உயரத்துக்கு ஊறிக் கிடக்கும். அங்கே பன்னிரண்டு வீட்டுக்கும் பன்னிரண்டு பெட்டி வந்தது. வந்தவர்கள் முன்னால் இஸ்தோப்புச் சிமெந்தில் வரிசையாக வைத்தார்கள், படம் எடுத்தார்கள், போய்விட்டார்கள். உள்ளே யாரும் வரவில்லை. பின்னால் யாரும் போகவில்லை. மேலே நிமிர்ந்துகூட ஒருவரும் பார்க்கவில்லை.

இரண்டு மாதம் கழிந்தது. ஆறாம் காம்பராவில் இருக்கும் ஒரு பாட்டி, பேத்தியின் பாடசாலை அலுவலுக்காகக் கட்டிலுக்கடியில் இருந்த மரப்பெட்டியைத் திறந்தார். பெட்டியின் அடிப்பலகை கையோடு வந்தது. உள்ளே செத்துப்போன புருஷனின் பிரஜாவுரிமைச் சான்றிதழ், மகளின் பிறப்புச் சான்றிதழ், பாட்டியின் சேமலாப நிதிக் கடதாசிகள். எல்லாம் மண்ணும் தூளுமாக இருந்தன. ஓரங்கள் மட்டும் மிச்சம்.

கடதாசிதானே, இன்னொரு பிரதி எடுக்கலாம் என்று சொல்பவர்கள் நம் சரித்திரம் தெரியாதவர்கள். 1948 ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் நம் பாட்டன் பாட்டிகளை நாடற்றவர்களாக்கியது. 1964 ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் குடும்பங்களை இரண்டாகப் பிளந்து ஒரு பாதியைக் கப்பலேற்றியது. மிச்சமிருந்தவர்களின் பிரச்சினையைத் தீர்க்க 2003 ஆம் ஆண்டிலும் ஒரு சட்டம் தேவைப்பட்டது. அரை நூற்றாண்டுக்கு மேல் ஒரு துண்டுக் கடதாசிக்காக வரிசையில் நின்ற சமூகம் இது. அந்தக் கடதாசியை வைத்துப் பாதுகாக்க நமக்கு இருப்பது பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையும் ஒரு மரப்பெட்டியும்தான். அதைத்தான் கறையான் தின்றது.

பாட்டி ஆபிசுக்குப் போனார். கிடைத்த பதில்: "பெட்டி வச்சிருக்குத்தானே? வீட்டைச் சுத்தமா வச்சிருந்தா கறையான் ஏன் வருது?" பாட்டி விடவில்லை. "தொரை, நீங்க பொட்டிய முன்னால வச்சீங்க. அது பின்னாலதான் வருது. ஒரு நாளு வந்து பாருங்க" என்று கேட்டிருக்கிறார். யாரும் வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிளைத் தலைவரும் மாதர் சங்கத் தலைவியும் நாலைந்து இளைஞர்களும் சேர்ந்து லயத்தை முதலாம் காம்பராவில் இருந்து பன்னிரண்டாம் காம்பரா வரை பார்த்தார்கள். டோர்ச் லைட், ஸ்க்ரூ டிரைவர், ஒரு கொப்பி, பென்சில். இவ்வளவுதான் ஆயுதம். கண்டது என்ன?

பின் சுவரில் நாலு வீட்டில் மண் குழாய் ஏறியிருந்தது. எல்லாவற்றையும்விட மோசமாக இருந்தது ஒன்பதாம் காம்பரா. அதில் யாரும் குடியில்லை. நிர்வாகம் பூட்டுப் போட்டு, பழைய பலகையும் உடைந்த யன்னலும் அடுக்கி வைத்திருந்த அறை அது. யன்னல் இடுக்கால் லைட் அடித்துப் பார்த்தபோது, நிலத்தில் இருந்து பலகைக் குவியல் வழியாகக் கூரை வளை வரைக்கும் மண் ஏறி நின்றது. மூன்றாம் காம்பராவில் கூரை வளையில் மண்ணே இல்லை. ஆனால் கட்டிலின் மேல் ரவை போலப் பொடிமணிகள் தினமும் விழுந்துகொண்டிருந்தன. அந்த வளையைக் கம்பால் தட்டியபோது வெறும் டப்பாச் சத்தம். முன்னால் வைத்த பன்னிரண்டு பெட்டிகளையும் பார்த்தார்கள். ஒன்றைக்கூடக் கறையான் தொடவில்லை.

சுத்தமில்லாத வீடு யாருடையது, தோழர்களே? பாட்டியுடையதா, பூட்டிய அறையின் சாவியை வைத்திருந்தவர்களுடையதா?

வீடு யாருடையது?

இந்த இடத்தில் ஒரு பழைய கணக்கைப் பேசித்தான் ஆக வேண்டும்.

நாம் இருக்கும் லயங்களில் பெரும்பாலானவை வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியவை. கருங்கல்லும் சேறும் சேர்த்துக் கட்டிய சுவர், மண்ணைத் தொட்டுக்கொண்டு நிற்கும் கதவு நிலை, தகரக் கூரை. கறையானுக்கு அழைப்பு வைத்துக் கட்டினாலும் இப்படித்தான் கட்டியிருப்பார்கள். 1972 இலும் 1975 இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போனது. கை மாறிக்கொண்டே இருந்தது. லயம் மாறவில்லை. அந்த வீட்டுக்கு நம்மிடம் உறுதிப்பத்திரமும் இல்லை.

நாம் இஸ்தோப்பை ஒரு அடி நீட்டிக் கட்டினால் என்ன நடக்கிறது? "கம்பனிக் கட்டடத்தில் கைவைக்க யார் அனுமதி கொடுத்தது?" என்று கடிதம் வருகிறது. பொலிசுக்கும் போகிறார்கள். அப்போது வீடு கம்பனியுடையது. கறையான் வந்தால் மட்டும், "உங்க வீடுதானே, நீங்கதான் பார்க்கணும், பெட்டிக்குப் பணம் கட்டுங்க" என்கிறார்கள். அப்போது வீடு நம்முடையது! இடிக்க வேண்டிய நேரத்தில் கம்பனி சொத்து, திருத்த வேண்டிய நேரத்தில் தொழிலாளி சொத்து. இந்த இரட்டைக் கணக்கை இனியும் ஏற்க முடியாது.

இன்னொன்றையும் கேட்கிறோம். தேயிலைச் செடியிலும் கறையான் விழுகிறது. கவ்வாத்து வெட்டுக் காய்ந்து அழுகிய இடத்தால் உள்ளே போய், உயிருள்ள மரத்தையே குடைந்து தின்னும். அதைக் கவ்வாத்து வெட்டும் தோழர்கள் நம்மைவிட நன்றாக அறிவார்கள். அதற்கு என்ன செய்கிறார்கள்? 1925 இல் இருந்து இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலையில் இருக்கிறது. மலைநாட்டுக் கறையான் வேறு, தாழ்நாட்டுக் கறையான் வேறு என்று பிரித்து, எந்தச் செடியைப் பிடுங்க வேண்டும், எந்தச் செடியை விடலாம் என்று ஆலோசனை சொல்லப்படுகிறது. மலையைப் பார்த்து, செடியைப் பார்த்து, பிறகுதான் முடிவு. சரியான முறை. அந்த முறை செடிக்கு மட்டும்தானா? செடியைப் பராமரிக்கிற மனிதனின் வீட்டுக்கு மட்டும் ஏன் கண்ணை மூடிக்கொண்டு பெட்டி?

எல்லாக் கறையானும் ஒரே கறையான் இல்லை

பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால், சோதனை ஏன் வேண்டும் என்பது தானாக விளங்கும்.

அந்தப் பெட்டிக்குள் இருப்பது மரச்சத்தில் கலந்த மெதுவான மருந்து. ஹெக்ஸாஃப்ளுமூரொன் போன்ற மருந்துகள் அந்த வகை. கறையான் வளரும்போது தோலை உரித்துப் புதுத்தோல் போடும். இந்த மருந்து புதுத்தோல் உண்டாவதைத் தடுக்கும். தின்ற கறையான் உடனே சாகாது. கூட்டுக்குத் திரும்பிப் போய், தான் தின்றதை வாயால் மற்றவற்றுக்கு ஊட்டும். அப்படி மருந்து கூடு முழுக்கப் பரவும். தோலுரிக்கும் வேளையில் வேலைக்காரக் கறையான்கள் சாகும். இரை தேடி ஊட்ட ஆளில்லாமல் ராணியும் சிப்பாய்களும் அழியும். இதற்கு வாரக் கணக்கு, சில வேளை மாதக் கணக்கு ஆகும். நல்ல யுக்திதான். வீடு முழுக்க விஷத்தைத் தெளிப்பதைவிடப் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பானது. ஆனால் இந்த யுக்தி பலிக்க மூன்று விஷயம் வேண்டும்.

முதலாவது, அது மண்ணில் கூடு கட்டி, மண் வழியாக இரை தேடி வரும் கறையானாக இருக்க வேண்டும். காய்ந்த மரத்துக்குள்ளேயே பிறந்து, அங்கேயே தின்று, அங்கேயே வாழும் இன்னொரு வகை இருக்கிறது. அது மண்ணுக்கு இறங்கி வராது. கீழே எத்தனை பெட்டி வைத்தாலும் திரும்பிப் பார்க்காது. மூன்றாம் காம்பராவின் வளையில் இருந்தது அதுதான். அதற்கு அந்த மரத்தை மாற்றுவது, அல்லது அந்த மரத்துக்குள்ளேயே மருந்து செலுத்துவதுதான் வழி. வெளியே புற்றுக் கட்டி, உள்ளே பூஞ்சை வளர்த்துத் தின்னும் வகையும் உண்டு. எல்லா இரையும் அதனிடம் ஒரே மாதிரிப் பலன் தராது. ஆகவே எந்த வகை என்று பார்க்காமல் பெட்டியை விற்பது, காய்ச்சலா வாந்தியா என்று கேட்காமல் எல்லோருக்கும் ஒரே மாத்திரை கொடுப்பது போன்றது. தோட்டத்து மருந்துச் சாலையில் அந்த வைத்தியத்தை நாம் பார்த்துச் சலித்துவிட்டோம். கறையானுக்குமா?

இரண்டாவது, கறையான் வரும் பாதையில் பெட்டி இருக்க வேண்டும். மண்ணில் புதைக்கும் பெட்டியைக் கட்டடத்தைச் சுற்றிப் பத்தடிக்கு ஒன்று என்ற அளவில் வைப்பதுதான் வழக்கமான முறை. சுவரில் மண் குழாய் ஓடினால் அந்தக் குழாயின் மேலேயே பெட்டியைப் பொருத்த வேண்டும். நாமே கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு காம்பரா பத்தடி அகலம் என்றால் பன்னிரண்டு காம்பரா லயம் 120 அடி நீளம். இஸ்தோப்பும் குசினியும் சேர்த்து 30 அடி ஆழம் என்று வைத்தால் சுற்றளவு 300 அடி. பத்தடிக்கு ஒன்று என்றால் 30 பெட்டி வேண்டும், நாலு பக்கத்திலும். அவர்கள் வைத்தது பன்னிரண்டு. அதுவும் முன்பக்கச் சிமெந்தின் மேல். நல்ல வியாபாரம்!

மூன்றாவது, பெட்டியைத் திரும்பத் திரும்ப வந்து பார்க்க வேண்டும். கறையான் தின்கிறதா, இரை முடிந்துவிட்டதா, நனைந்து பூஞ்சணம் பிடித்துவிட்டதா என்று பார்த்து மாற்ற வேண்டும். வைத்துவிட்டுப் போனவர்கள் திரும்பி வராவிட்டால் அது வெறும் பிளாஸ்டிக் டப்பா.

இதற்கெல்லாம் மேலாக ஒன்று. லயம் என்பது பன்னிரண்டு வீடு இல்லை. அது ஒரே கட்டடம். ஒரே அத்திவாரம், ஒரே முகட்டு வளை, ஒரே கான். கறையானுக்குக் காம்பரா இலக்கம் தெரியாது. ஒரு கூட்டில் இருந்து பல பத்து அடி தூரம் மண்ணுக்குள் அது பயணம் செய்யும். "விருப்பமானவர்கள் பெயர் கொடுக்கவும்" என்று சொல்லி ஏழு வீட்டுக்கு வைத்து ஐந்து வீட்டை விட்டால், பணம் கட்டிய ஏழு வீடும் ஏமாந்த வீடுதான். சம்பளப் போராட்டத்தில் நம்மைப் பிரித்தாளப் பார்க்கிறார்கள். கறையானிலுமா பிரிப்பது?

எப்படிச் சோதிப்பது?

நிர்வாகம் ஆள் அனுப்பும் வரை காத்திருக்காதீர்கள். நம் சோதனை நம் கையில் இருக்கட்டும். பிறகு வருகிறவர்கள் அதை மறுக்க முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை போதும். லயத்துக்கு இரண்டு பேர் பொறுப்பு. ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். வீட்டுக்குள் எந்த மூலையில் என்ன இருக்கிறது என்று தெரிந்தவர்கள் அவர்கள்தான்.

வெளியில் இருந்து தொடங்குங்கள். லயத்தை ஒரு சுற்றுச் சுற்றுங்கள். சுவரும் மண்ணும் சேரும் இடத்தில் பென்சில் தடிப்பில் மண் குழாய் ஏறுகிறதா என்று குனிந்து பாருங்கள். கான் அடைத்து நிற்கிறதா, பீலித் தண்ணீர் சுவரோரம் கசிகிறதா, கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது என்று குறியுங்கள். மண்ணில் வரும் கறையானுக்கு ஈரம் வேண்டும். ஈரத்தைக் கண்டால் பாதி வழியைக் கண்ட மாதிரி. பக்கத்தில் பழைய மரக்குற்றி, புற்று இருந்தால் அதையும் எழுதுங்கள்.

அடுத்தது விறகு. இதில் நம் பக்கத்துப் பிழையையும் ஒப்புக்கொள்வோம். கவ்வாத்து விறகையும் டர்பன்டைன் விறகையும் சுவரோடு சேர்த்து மண்ணிலேயே அடுக்குகிறோம். அது கறையானுக்கு நாம் போட்டுக் கொடுக்கும் ஏணி. விறகை நாலு கல்லின் மேல் பலகையோ தகரமோ போட்டு, சுவரில் இருந்து ஒரு முழம் தள்ளி அடுக்குங்கள். வேறு இடம் இல்லை என்பது உண்மை. விறகுக்கு ஒரு கொட்டகை கேட்பதும் நம் கோரிக்கையாக இருக்கட்டும்.

பிறகு உள்ளே. கதவு நிலையின் அடி, யன்னல் நிலை, குசினிச் சுவர், தண்ணீர்க் குழாய் சுவருக்குள் நுழையும் இடம், சிமெந்து வெடிப்பு. ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் மரத்தைத் தட்டுங்கள். நல்ல மரம் கெட்டியாகச் சத்தம் போடும். அரித்த மரம் டப்பாச் சத்தம் போடும். சந்தேகமான இடத்தில் நுனியால் மெல்லக் குத்துங்கள். சுளுவாக இறங்கினால் உள்ளே ஒன்றும் இல்லை என்று அர்த்தம். கட்டிலுக்கடியில் சுவரோடு இருக்கும் பெட்டிகளை இழுத்து அடியைப் பாருங்கள். சாமிப் படங்களைக் கழற்றிப் பின்னால் பாருங்கள். சுவரோடு ஒட்டிய மரச்சட்டம் அதற்கு நல்ல மறைவு.

கடைசியாக மேலே. வளை சுவரில் உட்காரும் இடத்துக்கு டோர்ச் அடியுங்கள். மண் படிந்திருந்தால் மண்ணால் வருவது. மண் இல்லாமல், கீழே கசகசா போல, ரவை போலக் காய்ந்த பொடிமணி விழுந்தால் மரத்துக்குள் வாழ்வது. கொஞ்சம் எடுத்துக் கடதாசியில் மடித்து வையுங்கள். அது சாட்சி. வளை டப்பாச் சத்தம் போட்டால் அதன் கீழே பிள்ளைகளைப் படுக்க வைக்காதீர்கள். அன்றைக்கே கிளைத் தலைவருக்குச் சொல்லுங்கள். மழைக்குப் பின் ஈசல் பறந்ததா, விளக்கடியில் சிறகு குவிந்ததா என்றும் ஒவ்வொரு வீட்டிலும் கேளுங்கள். வீட்டுக்குள்ளிருந்தே ஈசல் கிளம்பினால் கூடு மிகக் கிட்டத்தில் இருக்கிறது.

மண் குழாயைக் கண்டதும் துடைத்து எறியத் தோன்றும். செய்யாதீர்கள். ஓரிடத்தில் ஒரு அங்குலம் மட்டும் உடைத்துவிட்டு இரண்டு மூன்று நாள் கழித்துப் பாருங்கள். திரும்ப மண் பூசியிருந்தால் உயிருள்ள பாதை. மருந்துப் பெட்டி வைக்க வேண்டிய இடம் அதுதான். எல்லாவற்றையும் உடைத்தால் அது வேறு வழியால் போகும், நமக்குத் தடம் போய்விடும்.

பூட்டிய காம்பரா, பிள்ளைக் காம்பரா, கோயில், வாசிகசாலை எதையும் விடாதீர்கள். பூட்டுக்குச் சாவி கேளுங்கள். தர மறுத்தால் "தர மறுத்தார்கள்" என்று திகதியோடு எழுதுங்கள்.

கைவைத்தியம் வேண்டாம்

ஒரு எச்சரிக்கை. மண்ணெண்ணெய், கழித்த எஞ்சின் ஒயில், ஸ்டோரில் இருந்து கொண்டுவந்த மருந்து என்று ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். மண்ணெண்ணெய் பட்ட இடத்தில் நாலு கறையான் சாகும். கூடு அப்படியே இருக்கும். அடுப்பெரியும் வீட்டில் அது நெருப்புக்கும் வழி. மலைக்கு அடிக்கும் மருந்தை வீட்டுக்குள் அடிப்பது அதைவிடக் கேடு. பத்தடி அறையில் கைக்குழந்தையும் கர்ப்பிணியும் மூச்செடுக்கிறார்கள். பின்கானில் ஊற்றியது கீழ் லயத்துப் பீலிக்குத்தான் போய்ச் சேரும். ஒரு காலத்தில் உலகமெங்கும் கறையானுக்கு ஊற்றிய குளோர்டேன், ஆல்ட்ரின், டீல்ட்ரின் எல்லாம் மண்ணிலும் உடம்பிலும் தங்கும் விஷம் என்று கண்டு, 2001 ஆம் ஆண்டு ஸ்டொக்ஹோம் சமவாயத்தில் ஒழிக்க வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்தார்கள். இந்த நாட்டிலும் பீடைநாசினிக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1980 இல் இருந்தே இருக்கிறது. பதிவில்லாத மருந்தை யாரும் நம் வீட்டுக்குள் கொண்டுவர முடியாது. லேபல் இல்லாத போத்தலோடு வருகிறவரை இஸ்தோப்பிலேயே நிறுத்துங்கள்.

பெட்டி வைத்த இடத்தில் நாமாக எதையும் தெளிக்கவும் கூடாது. அந்த வாடைக்குக் கறையான் ஒதுங்கிப் போனால் பெட்டிக்குள் இருக்கும் மருந்தைத் தின்ன ஆளில்லை.

"புது வீடு வரும், பொறுங்கள்"

நிர்வாகத்தின் கடைசிப் பதில் இதுதான். லயம் பழசு, திருத்திப் பயனில்லை, ஏழு பேர்ச்சஸ் காணியில் தனி வீடு வரப்போகிறது, இந்திய வீடு வரப்போகிறது என்கிறார்கள். வரட்டும். தனி வீடும் காணி உறுதியும் நம் உரிமை. அதற்கான போராட்டத்தை ஒரு நாளும் நிறுத்த மாட்டோம். ஆனால் எல்லோருக்கும் வீடு வந்து முடியும் வரை முகட்டு வளை காத்திருக்குமா? வரப்போகும் வீட்டைக் காட்டி இருக்கும் வீட்டைக் கைவிடுவது, நாளைக்கு விருந்து என்று சொல்லி இன்றைக்குப் பட்டினி போடுவதற்குச் சமம். அதோடு, லயத்துப் பழைய கதவையும் வளையையும் புது வீட்டுக்குக் கழற்றிக்கொண்டு போகும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. சோதிக்காமல் கொண்டுபோனால், மரத்துக்குள் வாழும் கறையானையும் சேர்த்துக் குடியேற்றுகிறோம்.

எமது சங்கத்துக்கும் ஒரு குறை உண்டு. சம்பளம் பேசும்போது குரல் உயர்கிறது. கதவு நிலை, கான், கூரை என்று வந்தால், சின்ன விஷயம், தோட்டத்தோடு பேசிக்கொள்ளுங்கள் என்று நாங்களே பல தடவை அனுப்பியிருக்கிறோம். ஆறாம் காம்பராப் பாட்டியின் பெட்டியைப் பார்த்த பிறகு அது சின்ன விஷயம் என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது.

எமது கோரிக்கைகள்

1. எந்த மருந்துக்கும் முன்னால் லயம் முழுவதும், பூட்டிய அறைகள் உட்பட, தோட்டக் கமிட்டிப் பிரதிநிதியின் முன்னிலையில் சோதிக்கப்பட வேண்டும். அறிக்கை தமிழில் எழுதப்பட்டு ஒரு பிரதி கமிட்டிக்குத் தரப்பட வேண்டும்.

2. எந்த வகைக் கறையான், எந்த இடத்தில், அதற்கு ஏன் இந்த முறை என்று அறிக்கையில் இருக்க வேண்டும்.

3. பெட்டிதான் சரியான முறை என்றால் லயம் முழுவதற்கும் வைக்க வேண்டும். எத்தனை தடவை வந்து பார்ப்பார்கள் என்று திகதியோடு எழுதித் தர வேண்டும்.

4. அரித்துப்போன வளை, நிலை, கதவு உடனே மாற்றப்பட வேண்டும். கான் திருத்தப்பட வேண்டும். மருந்து மட்டும் போட்டால் விழப்போகும் வளை நிமிராது.

5. செலவு முழுவதும் நிர்வாகத்துடையது. சம்பளத்தில் ஒரு சதமும் கழிக்கக் கூடாது. இதுவரை கழித்தது திருப்பித் தரப்பட வேண்டும்.

6. மருந்தின் பெயரும் பாதுகாப்பு விபரமும் தமிழில் ஒவ்வொரு வீட்டுக்கும் கொடுக்கப்பட வேண்டும்.

உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். விளங்காத கடதாசியில் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டுவிட்டால் உடனே கிளைத் தலைவருக்குச் சொல்லுங்கள், எழுத்தில் வாபஸ் வாங்குவோம். வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் லயம் லயமாகச் சோதித்து, காம்பரா இலக்கத்தோடு கொப்பியில் எழுதி மாவட்டக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். ஒரு லயத்தின் முறைப்பாட்டைக் குப்பைக் கூடையில் போடலாம். நூறு லயத்தின் கொப்பியைப் போட முடியாது.

இன்னும் ஒன்று. இன்றைக்கே உங்கள் பிறப்புச் சான்றிதழ், பிரஜாவுரிமைச் சான்றிதழ், அடையாள அட்டை, சேமலாப நிதிக் கடதாசி எல்லாவற்றையும் மரப்பெட்டியில் இருந்து எடுத்து, மூடியுள்ள தகர டின்னிலோ பிளாஸ்டிக் டப்பாவிலோ போட்டுச் சுவரில் படாத இடத்தில் வையுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு போட்டோப் பிரதி எடுத்து வேறு வீட்டில் கொடுத்து வையுங்கள். பாட்டியின் கடதாசிகளுக்கு மறு பிரதி எடுக்க எமது காரியாலயம் பிரதேச செயலகத்துக்கும் தொழில் திணைக்களத்துக்கும் அலைந்துகொண்டிருக்கிறது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

கொழுந்துக் கூடையில் ஒரு முற்றல் இலை கிடந்தால் தராசடியில் நிறுத்திக் கேள்வி கேட்கிறார்கள். நம் தலைக்கு மேல் இருக்கும் வளையைப் பற்றி நாமும் நின்று கேட்போம். லயத்தைப் பார்க்காமல் வரும் பெட்டி இஸ்தோப்பைத் தாண்டக் கூடாது!